ஒற்றைக் கீழறை இதயம்: ஃபான்டனுக்குப் பிறகு எத்தனை வருடம்? 43%ஆ, 97%ஆ?

#1 மூன்றாம்படி

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. மகனுக்கு மூன்றரை வயது. ட்ரைகஸ்பிட் அட்ரீசியா. வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்க வேண்டிய வால்வே உருவாகவில்லை, வலது கீழறை பேருக்கு ஒரு சின்னப் பை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறந்த பன்னிரண்டாம் நாள் ஷன்ட் (நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு சின்னக் குழாய்), ஆறாவது மாதம் க்ளென் (மேல் உடம்பின் ரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பும் அறுவை). இரண்டையும் தாண்டிவிட்டான். இப்போது ஃபான்டனுக்கு, அதாவது கீழ் உடம்பின் ரத்தத்தையும் நேரே நுரையீரலுக்கு விடும் மூன்றாவது அறுவைக்கு, நாள் குறிக்கப் போகிறார்கள்.

போன வாரம் கேத் (மெல்லிய குழாயை உள்ளே விட்டு இதய அழுத்தம் பார்ப்பது) முடிந்ததும் டாக்டரிடம், இதற்கப்புறம் எவ்வளவு காலம் நன்றாக இருப்பான் என்று கேட்டேன். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் இதயத்தை வரைந்து, குழாய் எங்கே வரும் என்று காட்டினார். படம் நன்றாகத்தான் இருந்தது. நான் கேட்டதற்குப் பதில்தான் அதில் இல்லை. சரி என்று நானே தேடினேன். ஒரு இடத்தில் 30 வருடத்தில் உயிரோடு இருப்பவர்கள் 43% என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 97% என்கிறார்கள். எதை நம்புவது? பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான், விரலில் மாட்டியிருக்கும் ஆக்ஸிமீட்டரின் சிவப்பு வெளிச்சம் போர்வைக்குள்ளிருந்து தெரிகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 82% என்று அது காட்டுகிறது. எனக்குக் கண்ணில் நிற்பது 43தான்.

#2 சும்மாவாசகன்

அக்கா, ராத்திரி இரண்டு மணிக்குத் தேடாதீர்கள். வரைகோடு சார் வந்து விளக்குவார், கொஞ்சம் பொறுங்கள்.

#3 வரைகோடு

வந்துவிட்டேன். இரண்டு எண்ணும் சரியான எண்தான், அதுதான் சிக்கலே.

43% மேயோ கிளினிக் 2015இல் வெளியிட்ட கணக்கு. 1052 பேர், 1973 முதல் அங்கே ஃபான்டன் செய்துகொண்டவர்கள், 40 வருடத் தொடர்ச்சி. 10 வருடத்தில் 74%, 20இல் 61%, 30இல் 43%. பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் 30 வருடத்தைத் தொட வேண்டுமானால் அந்த ஆள் 1980களின் நடுவிலோ அதற்கு முன்போ அறுவை செய்துகொண்டவராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் மேலறையை அப்படியே நுரையீரல் தமனியோடு தைத்துவிடுவார்கள். முன்னேற்பாடாக க்ளென் செய்வது வழக்கத்தில் இல்லை, யாருக்குச் செய்யலாம் யாருக்குக் கூடாது என்பதே அப்போதுதான் தெரியவந்துகொண்டிருந்தது. அறுவை மேசையிலும் அடுத்த சில வாரங்களிலும் போனவர்களையும் கழித்த பிறகுதான் அந்த 74. அதே ஆய்வில், 2001க்குப் பிறகு செய்துகொண்டவர்களை மட்டும் தனியாக எடுத்தால் 10 வருடத்தில் 95%. ஒரே மருத்துவமனை, ஒரே கட்டுரை. இதை யாரும் பகிர்வதில்லை, 43ஐத்தான் பகிர்கிறார்கள்.

97% ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஃபான்டன் பதிவேட்டிலிருந்து, 2014. இரண்டு நாடுகளிலும் செய்துகொண்ட எல்லோரையும் பின்தொடர்கிறார்கள், அது பெரிய பலம். ஆனால் அந்தக் கணக்கு மருத்துவமனையை விட்டு உயிரோடு வீடு திரும்பிய நாளிலிருந்து தொடங்குகிறது, எனவே ஆரம்ப இழப்பு அதில் இல்லை. அந்த 97ம் பிற்பாடு வந்த முறைகளுக்கு, இப்போது செய்கிற, இதயத்துக்கு வெளியே குழாய் போடும் முறையும் அதில் சேர்த்தி, 10 வருடத்துக்கு. அதே பதிவேட்டில் பழைய மேலறை முறைக்கு 25 வருடத்தில் 76%.

ஆக உங்கள் மகனின் 30 வருடக் கணக்கு இன்னும் சரியாக எழுதப்படவில்லை. வெளிக்குழாய் முறையே 1990 வாக்கில்தான் வந்தது. சின்ன வயதில் அதைச் செய்துகொண்டவர்களில் மூத்தவர்களே இப்போதுதான் நாற்பதை நெருங்குகிறார்கள்.

#4 நீலநகம்

வரைகோடு சொன்னதில் தப்பில்லை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார், எப்போதும் எல்லோரும் விடுவது அதைத்தான். இந்த எண்கள் எல்லாமே ஃபான்டன் வரை வந்து சேர்ந்தவர்களைப் பற்றியவை. என் மகள் வந்து சேரவில்லை. அவளுக்கு இடது பக்கம் வளரவில்லை, ஹெச்எல்ஹெச்எஸ். நார்வுட் (இந்தக் குழந்தைகளுக்குப் பிறந்ததும் செய்யும் முதல் அறுவை) முடிந்து வீட்டுக்கு வந்து ஐந்தாவது வாரம், ஒரு சாதாரணச் சளி. நீங்கள் பகிரும் எந்த வரைகோட்டிலும் அவள் இல்லை, ஏனென்றால் அவள் போன பிறகுதான் அந்தக் கோடு தொடங்குகிறது.

மூன்றாம்படி, உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முதல் அறுவைக்கும் இரண்டாவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியை நீங்கள் கடந்துவிட்டீர்கள், மிகக் கடினமான பகுதி பின்னால் போய்விட்டது. கர்ப்பத்திலேயே ஸ்கேனில் தெரிந்து, இப்போதுதான் இதையெல்லாம் வாசிக்க வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

#5 வரைகோடு

நீலநகம், மன்னியுங்கள். நீங்கள் சொல்வதுதான் சரி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஹெச்எல்ஹெச்எஸ் பற்றி வாசிக்க வருகிறவர்களுக்கு: 1980களுக்கு முன் இந்தக் குழந்தைகளில் அநேகமாக எல்லோரும் சில வாரங்களில் இறந்துபோனார்கள். வில்லியம் நார்வுட் பாஸ்டனில் செய்த அறுவை வெற்றி என்று 1983இல் கட்டுரையாக வந்தது. வட அமெரிக்காவில் நார்வுட்டில் எந்த ஷன்ட் நல்லது என்று 549 குழந்தைகளை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. மாற்று இதயம் இல்லாமல் முதல் பிறந்தநாளைக் கண்டவர்கள் ஒரு ஷன்ட்டில் 74%, இன்னொன்றில் 64%. அதாவது தேர்ந்த மருத்துவமனைகளிலேயே நாலில் ஒன்றுக்கு மேல் முதல் வருடத்தில் கைவிட்டுப் போனது, அல்லது மாற்று இதயம் தேவைப்பட்டது. ட்ரைகஸ்பிட் அட்ரீசியாவில் வேலை செய்வது இடது கீழறை. உடம்பு முழுக்க ரத்தம் தள்ளவே செய்த அறை அது. ஹெச்எல்ஹெச்எஸில் வலது கீழறை அந்த வேலையை ஏற்க வேண்டியிருக்கிறது. 'ஒற்றைக் கீழறை' என்று ஒரே பெயரில் எல்லோரையும் கட்டிவிட்டாலும் உள்ளே இருப்பது பல நோய்கள்.

#6 பழைய ஃபான்டன்

என்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் போலிருக்கிறது, அந்த '1980கள் முறை' ஆள் நான். வயது 41. ஐந்து வயதில் மேலறையைத் தமனியோடு தைத்தார்கள். அது செய்து முடித்தபோது, பதினைந்து வரை பார்க்கலாம் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்களாம். அப்பா அதை என்னிடம் சொன்னது எனக்கு முப்பது வயதானபோது, ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு.

தங்கச்சி, உங்களுக்குப் புள்ளிவிவரம் தெரியாது என்பது பிரச்சினை இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் குழந்தைகள் டாக்டர், இனிப் பெரியவர்கள் பிரிவுக்குப் போ என்றார். பெரியவர்கள் பிரிவில் இருந்தவர் என் ஃபைலை இரண்டு தடவை புரட்டிவிட்டு, நன்றாக இருக்கிறாய், ஏதாவது ஆனால் வா என்றார். எனக்கும் அதுதானே வேண்டும்! ஏழு வருடம் போகவில்லை. வேலை, சிநேகிதர்கள், எல்லாம் சாதாரணம். இருபத்தைந்தில் ஒருநாள் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன், நெஞ்சுக்குள் யாரோ விரலால் மேசையைத் தட்டுகிற மாதிரி, வேகமாக, ஒரே தாளத்தில். மூன்று நாள் அப்படியே வைத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். நாலாவது நாள் எமர்ஜென்சியில் ஈசிஜி எடுத்தவர், துடிப்பு 150தானே, பதற்றமாக இருக்கும் என்றார். என் மேலறை அப்போது சாதாரண அளவைப் போலப் பல மடங்கு வீங்கியிருந்தது, மின்சாரம் அதற்குள் வட்டமடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு ரத்தக்கட்டியும் இருந்தது. இதெல்லாம் அடுத்த நாள் வேறு இடத்தில் எக்கோ பார்த்தபோது தெரிந்தது. எங்களுக்கு 150 என்பது பதற்றம் அல்ல, அதை யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அப்புறம் பழைய இணைப்பைப் பிரித்து வெளிக்குழாயாக மாற்றினார்கள், பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின். இன்றைக்கும் விரலில் குத்தி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்) பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் காலத்தில் செய்துகொண்டவர்களில் செத்துப்போனவர்கள் பலர் திடீரென்று சாகவில்லை. பல வருடம் யாரும் பார்க்காமல் இருந்தார்கள்.

#7 எக்கோஅறை

அண்ணன் சொன்னதை என் நாற்காலியிலிருந்து சொல்கிறேன், பதினான்கு வருடமாக எக்கோ எடுக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து கேட்காதீர்கள்.

ஃபான்டனில் என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை சரியாகப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாம் புரியும். சாதாரண இதயத்தில் இரண்டு பம்ப். ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று உடம்புக்கு. இவர்களிடம் இருப்பது ஒன்று, அதை உடம்புக்குக் கொடுத்துவிட்டார்கள். நுரையீரலுக்குப் போகிற ரத்தம் பம்ப் இல்லாமல், சிரையிலிருந்து நேராக வழிந்து போகிறது. வழிய வேண்டுமானால் பின்னாலிருந்து அழுத்தம் வேண்டும். சாதாரண ஆளுக்குச் சிரை அழுத்தம் 5 மில்லிமீட்டர் பக்கம், இவர்களுக்கு 10 முதல் 15, வாழ்நாள் முழுக்க. அந்த அழுத்தம்தான் உயிரோடு வைத்திருக்கிறது, மெல்ல மெல்லக் கெடுப்பதும் அதே அழுத்தம்தான்.

முதலில் அடிபடுவது கல்லீரல். அதிலிருந்து கிளம்புகிற ரத்தம் அந்த அழுத்தத்தோடு மோதித்தான் மேலே ஏற வேண்டும். பத்து வருடம் தாண்டிய எல்லோருக்கும் கல்லீரலில் ஓரளவு தழும்பு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம், ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்தாலும்கூட. பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாமல் கிடக்கும். சிலருக்குச் சிர்ரோசிஸ், இன்னும் சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய், அதுவும் இருபதுகளில். அதனால்தான் கல்லீரல் ஸ்கேனும், புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையான ஏஎஃப்பியும் பார்க்கச் சொல்கிறார்கள். இதய டாக்டர் எதற்கு வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் என்று சண்டை போட்ட அப்பாவைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று பிஎல்இ. குடல் வழியாகப் புரதம் ஒழுகிவிடும். வயிற்றுப்போக்கு என்று இரண்டு மாதம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்த்தால் 2க்குக் கீழே கிடக்கும். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் காலில் பள்ளம் விழுகிறதா, காலையில் கண்ணிமை உப்பியிருக்கிறதா, இவ்வளவுதான் வீட்டில் பார்க்க வேண்டியது. 1990களில் இது வந்துவிட்டால் ஐந்து வருடத்தைத் தாண்டுவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 2014இல் மேயோ கணக்கில் ஐந்து வருடத்தில் 88% பேர் உயிரோடு இருந்தார்கள். பியுடசோனைட் என்ற ஸ்டீராய்டு மருந்து, நிணநீர்க் குழாய்களில் கதீட்டர் சிகிச்சை என்று வழிகள் வந்துவிட்டன. இருமும்போது மூச்சுக்குழாயின் அச்சு மாதிரி ரப்பர் போல ஏதாவது வெளியே வந்தால், அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அன்றைக்கே போங்கள். அதுவும் நிணநீர்க் கசிவுதான், இந்தத் தடவை நுரையீரலுக்குள்.

#8 சும்மாவாசகன்

எக்கோஅறை அக்கா, 'எல்லோருக்கும் கல்லீரல் தழும்பு' என்று மூன்றரை வயதுப் பிள்ளையின் அம்மாவிடம் இப்போதே சொல்ல வேண்டுமா? அறுவைகூட இன்னும் ஆகவில்லை.

#9 மூன்றாம்படி

பரவாயில்லை, சொல்லட்டும். தெரியாமல் இருந்ததில்தான் மூச்சு முட்டியது. படிக்கப் படிக்க வயிறு இறுகுகிறது, உண்மைதான், ஆனால் இப்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிகிறது.

ஒரு சந்தேகம். ஓடி விளையாட விடலாமா? என் மாமியார் அவனை நடக்கவே விடுவதில்லை, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்.

#10 பழைய ஃபான்டன்

மாமியாரிடமிருந்து முதலில் பிள்ளையைக் கீழே இறக்குங்கள்.

நான் சொல்வது ஃபான்டன் முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு. எங்களுக்கு நுரையீரலுக்கு ரத்தம் தள்ள இரண்டு உதவிதான் உண்டு, மூச்சும் கால் தசையும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு ரத்தத்தை மேலே உறிஞ்சுகிறது, ஆடுசதை இறுகும்போது கீழேயிருந்து பிழிந்து அனுப்புகிறது. இல்லாத பம்ப்புக்குப் பதில் அது. தூக்கிக்கொண்டே திரிந்தால் அந்தத் தசை வளராது. என்னைப் பள்ளியில் விளையாட்டு வகுப்பு முழுக்க மரத்தடியில் உட்காரவைத்தார்கள், பையன்களின் செருப்பைக் காவல் காத்தேன். இருபத்தெட்டு வயதில்தான் கால் பயிற்சி தொடங்கினேன். அந்தப் பன்னிரண்டு வருட மரத்தடியை யார் திருப்பித் தருவார்கள்?

ஆனால் அவனே நிறுத்தினால் நிறுத்தட்டும், 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று உற்சாகப்படுத்தாதீர்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பில் நீர் வற்றினால் அழுத்தம் இறங்கி எங்களுக்கு உடனே தலை சுற்றும். வார்ஃபரினில் இருந்தால் மோதுகிற விளையாட்டு வேண்டாம்.

#11 வரைகோடு

சிட்னியில் ஒரு சின்ன ஆய்வு, 2013. ஃபான்டன் பெரியவர்களுக்கு 20 வாரம் எடை தூக்கும் பயிற்சி, குறிப்பாகக் காலுக்கு. தசை கூடியது, இதயம் தள்ளும் ரத்தமும் கூடியது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான், அதனால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் நிரூபிக்க முடியாது, ஆனால் அண்ணன் சொன்ன ஆடுசதைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சராசரி ஃபான்டன் ஆளின் உச்ச ஆக்ஸிஜன் அளவு, அதாவது முழு வேகத்தில் பயிற்சி செய்யும்போது உடம்பு எடுத்துக்கொள்கிற ஆக்ஸிஜன், அதே வயதுக்காரரில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். சிலர் சாதாரண ஆளைத் தொட்டுவிடுகிறார்கள், 'சூப்பர் ஃபான்டன்' என்கிறார்கள். அவர்களில் பலர் சின்ன வயதிலிருந்தே ஓடியாடியவர்கள். ஓடியதால் நல்ல இதயமா, நல்ல இதயம் என்பதால் ஓடினார்களா என்று கேட்காதீர்கள், அதைப் பிரிப்பது கஷ்டம்.

மாத்திரையில் இதைச் சாதிக்கப் பார்த்தார்கள். ரத்தக்குழாயைத் தளர்த்தும் யுடெனாஃபில் என்ற மருந்தை வைத்து வளரிளம் பருவத்தினர் 400 பேரிடம் சோதனை. முக்கியமாக எதிர்பார்த்த உச்ச ஆக்ஸிஜன் அளவில் தெளிவான பலன் கிடைக்கவில்லை.

#12 இருபத்துநாலு

குறுக்கே வருகிறேன். எனக்கு 24, பெண், வெளிக்குழாய் ஃபான்டன், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 94. கல்யாணப் பேச்சு நடக்கிறது. குழந்தை பற்றி என் டாக்டரிடம் அம்மா முன்னால் கேட்க முடியவில்லை.

#13 எக்கோஅறை

தனியாகப் போய்க் கேள் பாப்பா, அம்மாவை வெளியே உட்காரச் சொன்னால் டாக்டர் தப்பாக நினைக்க மாட்டார்.

ஃபான்டனோடு பிள்ளை பெற்றவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாயை விடக் கருவுக்குத்தான் ஆபத்து அதிகம். கருச்சிதைவு மிக அதிகம், பிறந்தாலும் பெரும்பாலும் குறைமாதம், எடை குறைவு. தாய்க்குத் துடிப்புக் கோளாறு, ரத்தக்கட்டி, நீர் கோத்தல் வரலாம். கீழறை நன்றாகச் சுருங்கி, வால்வு ஒழுகாமல், கல்லீரல் மோசமாகாமல் இருந்தால் ஒரு பேச்சு, இல்லையென்றால் வேறு பேச்சு. அதனால் கர்ப்பத்துக்கு முன்பே எக்கோ, எம்ஆர்ஐ, உடற்பயிற்சிச் சோதனை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். இப்போது குழந்தை வேண்டாம் என்றாலும் கடையில் கிடைக்கிற கருத்தடை மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே, ஈஸ்ட்ரோஜன் கலந்தது ரத்தக்கட்டியைக் கூட்டும். வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பத்தில் அதை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே பேச வேண்டும்.

#14 இருபத்துநாலு

நன்றி. 'தனியாகப் போய்க் கேள்' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

#15 நேர்பேச்சு

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பிரான்சிஸ் ஃபான்டன் போர்டோவில் முதல் அறுவை செய்தது 1968இல். அவரே 1990இல், எல்லாம் 'கச்சிதமாக' அமைந்த ஆளுக்குக்கூட 15 வருடத்தில் 73%தான் என்று கணக்குப் போட்டு எழுதினார். கண்டுபிடித்தவரே இது நிரந்தரத் தீர்வு இல்லை, தள்ளிப்போடுவதுதான் என்று ஒத்துக்கொண்ட பிறகு நாம் ஏன் 'வாழ்நாள்' என்று பேசிக்கொண்டிருக்கிறோம்? கடைசியில் மாற்று இதயம்தானே?

#16 பழைய ஃபான்டன்

தள்ளிப்போடுவதுதான், தம்பி. முப்பத்தாறு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த முப்பத்தாறில் ஒரு கல்யாணம், இரண்டு வேலை, தாங்க முடியாத ஒரு மேலதிகாரி, எல்லாம் அடங்கும்.

#17 வரைகோடு

அந்த 73 எதையும் கண்ணால் பார்த்து எழுதியதல்ல, அப்போது கையில் இருந்த நோயாளிகளை வைத்து முன்னோக்கிக் கணித்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் அவர் சொன்ன சரிவு இருக்கிறது, முதல் பத்து வருடம் கோடு ஏறக்குறைய படுத்தே போகும், இருபதுக்கு மேல் மெல்ல இறங்கத் தொடங்கும். நேர்பேச்சு அந்த அளவுக்குச் சரி.

மாற்று இதயம் சிலருக்கு வேண்டியிருக்கும், எல்லோருக்கும் அல்ல. எப்போது என்பதுதான் கஷ்டம். ரொம்பத் தாமதமானால் கல்லீரலும் சேர்ந்து கெட்டு, இரண்டையும் மாற்ற வேண்டிய நிலை வரும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2019 அறிக்கை உலகம் முழுக்க 50,000 முதல் 70,000 ஃபான்டன் ஆட்கள் இருப்பதாக மதிப்பிட்டது, அதில் 40% பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். இத்தனை பேர் பெரியவர்களாகிவிட்டார்கள், இவர்களைப் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் டாக்டர்கள் அந்த வேகத்தில் வளரவில்லை, என் கவலை அதுதான்.

#18 நீலநகம்

நேர்பேச்சுக்கு ஒரு வார்த்தை. எனக்குக் கிடைத்தது பதினொரு வாரம். தள்ளிப்போடுவதைக் குறைவாகப் பேசாதீர்கள்.

#19 நேர்பேச்சு

மன்னிக்கவும் அக்கா.

#20 மூன்றாம்படி

டாக்டரிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை எழுதிக்கொண்டு போனேன். வெளிக்குழாய்தான், 18 மில்லிமீட்டர் போட முடியும் என்று நினைக்கிறார், பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை விடுவாராம், அழுத்தம் ஏறினால் வழிந்துபோக. அதனால் கொஞ்ச நாள் சாச்சுரேஷன் 90க்கு மேல் போகாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். கேத்தில் நுரையீரல் அழுத்தம் 11, அது நல்லது என்றார். இவ்வளவு நாள் அந்தத் தாள் என் பையிலேயேதான் இருந்திருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

43 பற்றியும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அம்மா, இவனுக்கு நாற்பது வயதாகும்போது நான் ரிட்டயர் ஆகிப் பல வருடம் ஆகியிருக்கும், எனக்கு உண்மையிலேயே தெரியாது" என்றார். வரைந்து காட்டியதை விட அது எனக்குப் பிடித்திருந்தது.

#21 பழைய ஃபான்டன்

முதல் இரண்டு அறுவைகளின் ஆபரேஷன் நோட்ஸ் கையில் இருக்கிறதா? டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, அறுவைக் குறிப்பு. எனக்கு மாற்று இணைப்பு செய்தபோது அது கிடைக்காமல் உள்ளே திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

#22 மூன்றாம்படி

இல்லை. க்ளென் குறிப்பு கேட்டிருக்கிறேன், திங்கள்கிழமை வரச் சொன்னார்கள். ஷன்ட் வைத்தது வேறு மருத்துவமனை, அங்கே நாளைக்கே போகிறேன். பையன் இன்றைக்கு மாடிக்கு அவனே ஏறினான், ஏழாவது படியில் உட்கார்ந்தான், மாமியார் கையைப் பிசைந்துகொண்டு கீழே நின்றார், அப்புறம் எழுந்து மிச்சத்தையும் ஏறிவிட்டான்.